எட்டில் ஒரு பங்கு

லண்டன் செவன் கிங்ஸில் நாங்கள் சாமான் வாங்கும் தமிழ்க் கடையில், எண்ணெய்ப் போத்தல்கள் அடுக்கிய தட்டுக்கு முன்னால் போய் நின்றால் என் கை சும்மா இருக்காது. ஒரு போத்தலின் அடியைப் பிடித்து மெதுவாக வலப்பக்கம் திருப்பும். முழுச் சுற்று இல்லை, கால் சுற்றும் இல்லை. வட்டத்தை எட்டாகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு. பிறகு அடுத்த போத்தல், அதற்கு அடுத்தது. நல்லெண்ணெய் முடிந்து வினாகிரி வரும்போதுதான் என்ன செய்கிறேன் என்று எனக்கே தெரியவரும்.

"கடை அடுக்க உங்களுக்குச் சம்பளம் தாறாங்களோ?" என்பாள் என் மனைவி றீற்றா. மகள் டிலானி கூட வந்திருந்தால், "அப்பா, ப்ளீஸ். பீப்பிள் ஆர் லுக்கிங்" என்று கையைப் பிடித்து இழுப்பாள். கடைக்காரர் மட்டும் சிரிப்பார். "விடுங்கோ அக்கா. அண்ணை வந்திட்டுப் போனால் எல்லா லேபிளும் கோணலாத்தான் நிக்கும். ஆனால் எல்லாம் ஒரே கோணல்."

டிலானி சின்ன வயதில் படித்த சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் ஆண்டு மலர் போடுகிறார்கள். பெற்றோரும் எழுதலாம், நீங்கள் செய்த ஒரு வேலையைப் பற்றிப் பிள்ளைகளுக்கு விளங்கும்படி எழுதுங்கள் என்று கேட்டார்கள். நான் செய்த வேலைகளில் சொல்லக்கூடியது இந்தத் திருப்புகிற வேலைதான். பிரான்சில், ஷாம்பெயின் என்ற நுரைக்கும் வைன் செய்யும் ஒரு நிலவறையில் ஆறு வருடம் செய்தேன். "பிள்ளையளுக்குக் குடியைப் பற்றியோ எழுதப் போறியள்?" என்று றீற்றா கேட்டாள். பூசையில் வைன் இல்லையோ என்றேன். ஆனால் எழுத உட்கார்ந்தபோது வேலை மட்டும் தனியாக வர மறுத்தது. அதோடு சேர்ந்து என் தம்பி ஜெறோமும் வந்துவிட்டான். அதற்குக் காரணம் அந்தக் கிழமை மன்னாரிலிருந்து வந்திருந்த ஒரு குரல் செய்தி. அனுப்பியவள் தம்பியின் மனைவி செல்வி.

"அண்ணை, பங்குச் சாமி கேக்கிறார், மரித்தோர் மாசப் பூசைக்கு இந்தமுறை அவற்ற பேரையும் குடுப்பமோ எண்டு. பதினாறு வருசமாச்சு. கடைசியா அவரோட கதைச்சது நீங்கள்தானே. நீங்கள் சொல்லுறதைச் செய்யிறன்."

பிள்ளைகளே, அது நவம்பரில் செத்தவர்களின் பெயர்களை வாசிக்கும் பூசை. அந்தச் செய்தியை நான் எட்டுத் தடவை கேட்டேன். பதில் அனுப்பவில்லை. ஏன் அனுப்பவில்லை என்று விளங்க, முதலில் நீங்கள் நிலவறைக்குள் இறங்க வேண்டும்.

ரேன்ஸ் என்ற ஊரின் தெருக்களுக்குக் கீழே இன்னொரு ஊர் இருக்கிறது. முழுவதும் வெள்ளைச் சுண்ணாம்புக்கல். ரோமர் காலத்தில் வீடு கட்டக் கல் வெட்டிய குழிகள் என்று சொல்வார்கள். மேலே வாய் ஒடுங்கி, கீழே போகப்போக அகன்று, கோயில் கோபுரத்தை உள்ளே குடைந்தெடுத்தது போல இருக்கும். நூற்றுக்கு மேற்பட்ட படிகள் இறங்க வேண்டும். கோடையிலும் மாரியிலும் அங்கே ஒரே குளிர், ஒரே ஈரம், ஒரே இருட்டு. நான் வேலை செய்த இடம் பெயர்பெற்ற பழைய கொம்பனி. அதன் சாதாரண வைனைப் பல ஆண்டுகளின் வைன்களைக் கலந்து செய்வார்கள். ஓர் ஆண்டில் வெயில் போதாவிட்டால் இன்னோர் ஆண்டின் இனிப்பு அதைத் தாங்கும். ஆனால் எப்போதாவது ஓர் ஆண்டு நன்றாக வாய்த்தால், அந்த ஆண்டின் பழங்களை மட்டும், அதுவும் மிக நல்ல தோட்டங்களின் பழங்களை மட்டும் எடுத்துத் தனியாக ஒன்று செய்வார்கள். அதன் லேபிளில் ஆண்டு இருக்கும். அந்த ஆண்டின் குற்றம் குறையை மூட வேறு எந்த ஆண்டிலிருந்தும் ஒரு துளி கலக்க முடியாது. அதுதான் அந்த வைனின் மரியாதை.

2008 அப்படி வாய்த்த ஆண்டு. வாய்க்கும் என்று யாரும் நினைக்கவில்லை. கோடை முழுக்கச் சாம்பல் வானம், தூறல், குளிர். செப்டெம்பரில் திடீரென்று வடக்கிலிருந்து காய்ந்த காற்றும் வெயிலும் வந்தன. பழம் மெதுவாக முற்றியது, புளிப்பு இறங்கவில்லை. நிலவறையில் எனக்கு வேலை பழக்கிய மிஷெல் ஒரு திராட்சையைக் கடித்து முகத்தைச் சுளித்து, "இது நீண்ட நாள் இருக்கும்" என்றார். அந்தப் புளிப்புத்தான் வைனைப் பல வருடம் கெடாமல் நிறுத்தி வைக்கும். எனக்கு அப்போது அது விளங்கவில்லை. புளிக்கிற பழத்தைக் கடித்துவிட்டு ஏன் இந்த மனிதர் சந்தோஷப்படுகிறார் என்று நினைத்தேன். அதே செப்டெம்பரில் மன்னாரில் செல்விக்கு மகன் பிறந்தான். அவள் பிள்ளைப்பேற்றுக்குத் தாய் வீட்டுக்கு வந்திருந்தாள். ஜெறோம் கிளிநொச்சிப் பக்கம் ட்ரக்ரர் திருத்தும் வேலையில் இருந்தான். ஞானஸ்நானத்துக்கு வருவதாகச் சொன்னவனுக்குப் போரால் பாதை மூடிவிட்டது. சண்டை கிழக்கே நகர நகர, சனங்களோடு சேர்ந்து அவனும் நகர்ந்துகொண்டிருந்தான்.

அடுத்த வசந்தத்தில் அந்த வைனைப் போத்தலில் அடைத்தார்கள். அடைக்கும்போது கொஞ்சம் சீனியும் கொஞ்சம் ஈஸ்ற்றும் சேர்ப்பார்கள். ஈஸ்ற் என்பது பாண் மாவைப் புளிக்க வைக்கும் அதே உயிர். அது போத்தலுக்குள் சீனியைத் தின்று காற்றை விடும். வெளியேற வழியில்லாத காற்று வைனுக்குள்ளேயே கரையும். நீங்கள் பார்க்கும் நுரை அதுதான். தின்னச் சீனி முடிந்ததும் ஈஸ்ற் செத்து, படுத்திருக்கும் போத்தலின் ஒரு பக்கத்தில் சாம்பல் போலப் படியும். அதை உடனே எடுக்க மாட்டார்கள். செத்தவற்றோடு அந்த வைனை இருட்டில் எட்டு வருடம், பத்து வருடம் படுக்கப் போட்டுவிடுவார்கள். செத்தது மெல்ல மெல்லக் கரைந்துதான் அதற்கு அந்த ருசியைக் கொடுக்கிறது, சூடான பாணின் மேல் கோதின் ருசியை. மிஷெல் இதைச் சொல்லித் தந்தபோது நான் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டேன். அவர் சிரித்தார்.

அந்த மார்ச், ஏப்ரலில் என் வேலை அந்தப் போத்தல்களைக் கீழே வாங்கி அடுக்குவது. ஈஸ்ற் வேலை செய்யும் காலத்தில் ஒவ்வொரு போத்தலுக்குள்ளும் பஸ் ரயருக்குள் இருக்கும் அளவு அமுக்கம் ஏறும். கண்ணாடியில் எங்கேயாவது ஊனம் இருந்தால் வெடிக்கும். தூரத்தில், இருட்டில், எந்தக் குழி என்று தெரியாமல் ஒரு சத்தம். பிறகு கண்ணாடி கொட்டும் ஒலி. பிறகு ஒன்றுமில்லை. முன்பென்றால் நான் திரும்பியும் பார்க்க மாட்டேன். அந்த வசந்தத்தில் ஒவ்வொரு சத்தத்துக்கும் சுவரோடு ஒட்டி நின்றேன். ஒருநாள் மிஷெல் அதைக் கண்டார். என் கண் கலங்கியிருந்தது. அவர் என் தோளில் கை வைத்து, "மனசை விடாதே. ஒவ்வொரு வருடமும் கொஞ்சம் போகத்தான் செய்யும். எதிர்பார்த்ததுதான்" என்று ஆறுதல் சொன்னார். போத்தலுக்கு இப்படி அழுகிற தொழிலாளியை அவர் அதுவரை கண்டதில்லை. அன்றிலிருந்து என்மேல் தனி மதிப்பு வைத்தார். நான் விளக்கவில்லை. விளக்கும் அளவுக்கு என்னிடம் பிரெஞ்சு இருக்கவில்லை.

நிலவறைக்குள் போன் வேலை செய்யாது. மேலே உடை மாற்றும் அறையில் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு இறங்க வேண்டும். ஜெறோம் அதற்குமுன் இரண்டு தடவை எடுத்திருந்தான். யாரோ வைத்திருந்த சற்றலைற் போனில், வரிசையில் நின்று, ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். இரண்டு தடவையும் ஞாயிறு. மிஷெலுக்கு என் ஊரில் சண்டை என்ற அளவில் தெரியும். அவராகவே வந்து, "கொஞ்ச நாளைக்கு மேலே லேபிள் ஒட்டும் பகுதிக்கு வா, அங்கே போனைப் பக்கத்தில் வைத்திருக்கலாம்" என்று சொன்னார். நான் வேண்டாம் என்றேன். கீழே வேலை பழகிவிட்டது என்று சொன்னேன். உண்மை அதுவல்ல. கீழே இருந்தால் போன் அடிக்காது. போன் அடிக்காத எட்டு மணித்தியாலம் எனக்குத் தேவைப்பட்டது. கெட்ட செய்தி என்னைத் தேடிப்பிடிக்க முடியாத ஒரே இடம் அந்தக் குழிதான் என்று நினைத்தேன்.

ஏப்ரலில் ஒருநாள், செவ்வாய்க்கிழமை, மதியச் சாப்பாட்டுக்கு ஏறி வந்து பெட்டியைத் திறந்தேன். தவறிய அழைப்பு ஒன்று. நீளமான, எந்த நாட்டுக்கும் சேராத இலக்கம். நான் இறங்கி ஒரு மணித்தியாலத்தின் பின் வந்திருந்தது. திருப்பி எடுத்தேன். பதிவுசெய்த ஒரு பெண் குரல் மரியாதையான பிரெஞ்சில் ஏதோ சொன்னது. அன்று முழுக்க எடுத்தேன். அடுத்த நாளும் எடுத்தேன். அதே பெண்தான்.

இரண்டு கிழமை கழித்துச் செல்வி, காசுக்குப் போன் பேச விடும் ஒரு கொமினிக்கேசன் கடையிலிருந்து எடுத்தாள். சண்டைக்குள்ளிருந்து காயக்காரரைக் கப்பலில் கொண்டுவந்தபோது வந்த ஒருவர் ஜெறோமைப் போன் வரிசையில் கண்டிருக்கிறார். அவளிடம் போன் இல்லாதபடியால் பிரான்சிலிருக்கும் தமையனுக்கு எடுக்கப் போவதாகச் சொன்னானாம்.

"உங்களோட கதைச்சவரோ அண்ணை?"

அவள் மூச்சு விடுவது எனக்குக் கேட்டது. பின்னால் குழந்தை அழுதது.

"ஓம். கதைச்சவன்."

"என்ன சொன்னவர்?"

இல்லை என்று சொல்ல இன்னும் நேரமிருந்தது. "சுகமா இருக்கிறானாம். வவுனியாப் பக்கம் வந்திடுவன் எண்டவன்" என்றேன். அது போதவில்லை. யாரும் சொல்லக்கூடியது அது. அவள் இன்னும் ஏதோ ஒன்றுக்காகக் காத்திருந்தாள். "பிள்ளைக்குப் பல்லு முளைச்சிட்டுதோ எண்டு கேட்டவன்" என்றேன்.

செல்வி சிரித்தாள். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு. "கீழ்ப்பல்லு ரெண்டு வந்திட்டுது அண்ணை. இனி எடுத்தால் சொல்லுங்கோ."

அவன் பிறகு எடுக்கவில்லை. மே மாதம் சண்டை முடிந்த பிறகு அங்கிருந்து யாரும் எடுக்கவில்லை. முகாம்களில் தேடினார்கள், பட்டியல்களில் தேடினார்கள். செல்வி படத்தோடு வரிசைகளில் நின்றாள். எல்லா வரிசையிலும், "கடைசியா ஏப்ரலில தமையனோட கதைச்சவர், வவுனியாவுக்கு வாறன் எண்டவர்" என்று என்னுடைய பொய்யைத்தான் சொல்லி எழுதுவித்தாள். மகன் வளர்ந்தான். தகப்பன் தன்னைப் பற்றிக் கேட்ட ஒரே கேள்வி அவனுக்குச் சொல்லி வளர்க்கப்பட்டது.

போத்தல்கள் அங்கேயே கிடந்தன. அவற்றைத் திருப்பும் காலம் வருமுன் நாங்கள் லண்டனுக்கு வந்துவிட்டோம். றீற்றாவின் அக்கா இங்கே இருந்தாள், டிலானி ஆங்கிலத்தில் படிக்கட்டும் என்றாள். நான் இங்கே ஒரு ஹோட்டல் சமையலறையில் வேலை செய்கிறேன். நான் இல்லாமலே வேறு கைகள் அந்தப் போத்தல்களை ஓட்டை போட்ட பலகைகளில் குத்தி, நாளுக்கு எட்டில் ஒரு பங்காகத் திருப்பி, திருப்பத் திருப்பச் சரித்து, கடைசியில் தலைகீழாக நிறுத்தியிருக்கும். செத்ததெல்லாம் கழுத்துக்கு வந்து சேரும். கழுத்தை மட்டும் உறைய வைத்து மூடியைத் திறந்தால், அது ஒரு பனிக்கட்டியாகப் பறந்து போய்விடும். கூடவே கொஞ்சம் வைனும் சிந்தும். அந்தக் குறையை நிரப்ப, வைனில் கரைத்த சீனிப்பாகு சிறிது விட்டு, தக்கை அடித்துக் கம்பி கட்டுவார்கள். நவம்பர் வரும்போதெல்லாம் எங்கள் கோயிலில் மரித்தோரின் பெயர் எழுத ஒரு கடித உறை தருவார்கள். அப்பா, அம்மா, மாமா என்று எழுதுவேன். ஒரு வரியை வெறுமையாக விட்டு ஒட்டிக் கொடுப்பேன்.

செல்வியின் செய்தி வந்த கிழமை, சனிக்கிழமை மத்தியானம், டிலானி வேலைத்தலத்தில் கொடுத்த ஒரு பரிசோடு வந்தாள். கணக்காளர் பரீட்சையில் கடைசிப் படியும் பாஸ். மேலாளர் ஒரு பெட்டி கொடுத்திருந்தார். மேசையில் வைத்துத் திறந்தாள்.

"அப்பா, லுக். இது நீங்கள் வேலை செய்த இடமெல்லோ?"

போத்தலைக் கையில் எடுத்தேன். என் பெருவிரல் தானாகவே அடியிலிருக்கும் குழிக்குள் போனது. லேபிளில் 2008 என்று இருந்தது. அந்த வைன் இப்போதும் கடைகளில் இருக்கிறது என்று எனக்குத் தெரியும், ஹோட்டலில் கண்டிருக்கிறேன். ஆனால் என் வீட்டுக்குள் வரும் என்று நினைக்கவில்லை.

"நாளைக்கு உடைப்பம். பெரியம்மாவையும் கூப்பிடுங்கோ" என்றாள்.

"ஏலாது பிள்ளை."

"வை?"

நான் கதிரையில் உட்கார்ந்து சொன்னேன். பதினாறு வருடம் சொல்லாததைச் சொல்ல ஐந்து நிமிடம்கூட எடுக்கவில்லை. டிலானி என்னையே பார்த்தாள்.

"சோ, அந்தப் பல்லு ஸ்ரோறி... நீங்கள் மேக் அப் பண்ணினதோ?"

"ஓம்."

"சித்தியின்ர மகன் எனக்கு அதைச் சொன்னவன் அப்பா. போனமுறை ஊருக்குப் போனபோது. தட்ஸ் ஆல் ஹீ ஹாஸ்."

றீற்றா மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்த இடத்தையே திரும்பவும் துடைத்தாள். "எனக்கு அண்டைக்கே தெரியும்" என்றாள். "வேலையால வந்து நீங்கள் சாப்பிடேல்லை. தம்பியோட கதைச்சிருந்தால் சாப்பிட்டிருப்பியள்."

"அப்ப ஏன் கேக்கேல்லை?"

"கேட்டிருந்தால் எனக்கும் ஒரு பொய் சொல்லியிருப்பியள்."

ஞாயிறு காலைப் பூசை முடிந்து வந்து செல்விக்கு எடுத்தேன். அங்கே பின்னேரம். மகன் பந்தடிக்கப் போயிருந்தான். கொஞ்சம் தேத்தண்ணீர்க் கதை, கால் நோவுக் கதை. பிறகு சொன்னேன். அவன் எடுத்தான், நான் நிலத்துக்குக் கீழே இருந்தேன், மேலே இருந்திருக்கலாம், இருக்கவில்லை, அவன் குரலை நான் கேட்கவே இல்லை என்று சொன்னேன். செல்வியின் முகம் திரையில் அசையவில்லை. இணைப்பு அறுந்துவிட்டதோ என்று நினைத்தேன்.

"அப்ப, பல்லு?" என்றாள்.

"நான்தான் சொன்னது."

அவள் போனை எங்கோ வைத்தாள். எனக்குக் கூரைத் தகடும் ஒரு மின்விசிறியும் தெரிந்தன. மின்விசிறி எத்தனை சுற்றுச் சுற்றியதோ தெரியாது. திரும்ப எடுத்தபோது முகம் கழுவியிருந்தாள்.

"எத்தினை இடத்தில சொல்லி எழுதுவிச்சனான், அண்ணை."

"தெரியும்."

"உங்களை ஏசோணும் போல கிடக்கு. எப்பிடி ஏசுறது எண்டு தெரியேல்லை. அந்தக் கதையில்லாட்டி அந்த வருசம் நான் எழும்பியிருக்க மாட்டன்." போனை நிமிர்த்திப் பிடித்தாள். "நீங்கள் அங்க பேரைக் குடுங்கோ. உங்களுக்கு அவர் எடுத்தவர், நீங்கள் இருக்கேல்லை. அது உங்கட கதையின்ர முடிவு. நான் இங்க குடுக்க மாட்டன்."

"செல்வி..."

"பல்லுக் கேட்ட மனுசன் இங்க இருக்கட்டும். பிள்ளைக்குச் சொல்லாதேங்கோ. சொல்ல வேண்டிய நாளில நான் சொல்லுவன்."

பிள்ளைகளே, அதனால் இதில் பெயர்களை மாற்றியிருக்கிறேன். ஊரையும், தம்பி கேட்டதாக நான் சொன்ன அந்தக் கேள்வியையும்கூட மாற்றித்தான் எழுதியிருக்கிறேன். அது பல்லைப் பற்றியது அல்ல. உண்மையான கேள்வி அந்தப் பிள்ளைக்குச் சொந்தம்.

அடுத்த ஞாயிறு கோயிலில் உறைகளை வாங்கும் ஆங்கிலேய அம்மா என் பட்டியலைப் பார்த்தார். நாலாவது பெயர் புதியது என்று கவனித்துவிட்டார். "அண்மையிலா நடந்தது?" என்று மெல்லக் கேட்டார். "இந்தக் கிழமை" என்றேன். வாய் தவறி வந்ததல்ல, அப்படித்தான் எனக்கு இருந்தது. அவர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். பூசையில் பெயர்களை வாசித்தபோது நைஜீரியச் சாமியாரின் வாயில் என் தம்பியின் பெயர் புது மாதிரி ஒலித்தது. ஆனாலும் அவன்தான்.

வீட்டுக்கு வந்து டிலானியிடம் போத்தலைத் திற என்றேன். தக்கையைப் பிடி, போத்தலைத் திருப்பு, வெடிக்க விடாதே என்று மட்டும் சொன்னேன். அவள் கெட்டிக்காரி, ஒரு பெருமூச்சுக்கு மேல் சத்தம் வரவில்லை. வெளிறிய பொன் நிறம். ஊசி முனை அளவு நுரை, நூல் நூலாக, அவசரமில்லாமல் மேலே வந்தது. முதலில் எலுமிச்சைத் தோலின் புளிப்பு, மிஷெல் முகம் சுளித்த அந்தப் புளிப்பு, இத்தனை வருடத்துக்குப் பிறகும் கூர் மழுங்காமல். பிறகு வறுத்த பருப்பு, பாண் கோது. கடைசியில் நாக்கில் ஒரு சுண்ணாம்பு உலர்வு, ஈரச் சுவரை நக்கியது போல. கிளாஸை யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். அடியில் ஒன்றுமே இல்லை. அவ்வளவு தெளிவு. செத்ததை எல்லாம் எடுத்துவிட்டார்கள். ருசி மட்டும் முழுக்க அவற்றினுடையது.

அப்போது போன் மேசையில் அதிர்ந்தது. செல்வியின் குரல் செய்தி. "இங்கயும் பூசை முடிஞ்சுது அண்ணை. எல்லாற்ற பேரும் வாசிச்சவை. அவற்ற பேர் இல்லை." பின்னால் அவள் மகன் யாரையோ கூப்பிடும் சத்தம் கேட்டது. ஜெறோமின் அதே கட்டைக் குரல்.

லண்டனில் என் தம்பி மரித்தவர்களோடு சேர்ந்துவிட்டான். மன்னாரில் அவன் இன்னும் வரிசையில் நின்று, தன் முறை வந்ததும் பிள்ளையைப் பற்றி ஒன்று கேட்கப் போகிறான். செல்வியின் செய்தியை இன்னொரு தடவை கேட்டேன். கேட்டு முடிந்தபோது என் கை மேசையிலிருந்த வெறும் போத்தலின் அடியில் இருந்தது. எட்டில் ஒரு பங்கு திருப்பியிருந்தது. டிலானி அதைக் கண்டாள். இந்தமுறை கையைப் பிடித்து இழுக்கவில்லை.